பத்தொன்பது எழுத்து

சித்திரை முடிய இரண்டு நாள் கிடக்க
காற்று முகம் மாறியது.
என் மேசையில் வரி நிலுவைக் கோப்புகள்
தாமாகவே புரண்டன.
சோழகம் எழும்பிவிட்டது,
முன்னறிவித்தல் கடிதம் ஏதுமில்லாமல்.

சாட்டிக் கடற்கரைக்கு ஒரு பலகை வேண்டும்.
நான்கடி அகலம், மூன்று மொழி,
நடுவில் தமிழுக்கு ஓரடி.
"இருபது எழுத்துக்குள்ள எழுதித் தாங்கோ பிள்ளை"
என்றார் செயலாளர்.
றெஜிஸ் எழுத்துக்கு நாற்பது ரூபா கேட்கிறான்.
புள்ளிக்குக் காசில்லையாம்,
அது தூரிகை போகிற போக்கில் தொடுவது.

சனிக்கிழமை ஸ்கூட்டியில் போனேன்.
பண்ணைத் தாம்போதியின் இரு கரையும்
நீரேரி பளபளவென்று கிடந்தது.
நடுவில் ஒருவன் நின்று
நண்டு வலை பார்க்கிறான்,
சாரம்கூட நனையவில்லை.
இதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு
எந்தத் தண்ணீரும் முழங்கால் மட்டும்தான்.
அதுதான் எங்கள் ஆபத்து.
அதை எழுதப் பலகையில் இடமில்லை.

உயிர்காப்பாளர் டினேஸ்
உடைந்த பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி காட்டினான்:
"அங்க பாருங்கோ அக்கா, வெள்ளை வெள்ளையா உடையுது,
இஞ்சாலையும் உடையுது.
நடுவில ஒரு துண்டு மட்டும் சும்மா கிடக்கு.
குழந்தைகளைக் கொண்டுவந்து
அதுக்குள்ளதான் இறக்குவினம்."
வந்த தண்ணீரெல்லாம் திரும்பிப் போகிற வாசல் அது.
வாசலில் நிற்பவரை
கடல் கூட்டிக்கொண்டு போகும்,
கோபமாய் அல்ல, வழியில் நின்றதால்.

இன்னும் சொன்னான்.
திருக்கை மணலுக்குள் படுத்திருக்கும்,
காலைத் தூக்கி வைக்காமல் உரசி நட.
சொறி பட்டால் தேய்க்காதே, வினாகிரி ஊற்று.
இழுத்தால் கரைக்கு நேரே நீந்தாதே,
பக்கவாட்டில் போ.
எல்லாம் குறித்தேன்.
பற்றுச்சீட்டின் பின்பக்கம் நிரம்பிவிட்டது.

இரவு விரல்விட்டு எண்ணினேன்.
அலை உடையாத இடத்தில் இறங்காதீர்கள்.
பத்தொன்பது.
ஓர் எழுத்து மிச்சம்கூட.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார்.
"அலை இல்லாத இடத்திலதானே பிள்ளை குளிக்கிறது?
சனம் குழம்பும்."
சிவப்புப் பேனையால் வெட்டி எழுதினார்:
கவனம் ஆழமான பகுதி.
பதினொன்று.
சபைக்கு முந்நூற்றிருபது ரூபா லாபம்.

வெசாக் விடுமுறை.
தெற்கிலிருந்து பஸ்கள், இணுவிலில் இருந்து வான்கள்,
கொத்துரொட்டித் தகரத்தின் தாளம்.
வெயில் உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே நின்றது.
கரை முழுக்க நிழல் என்று இருந்தது
பலகையின் பின்னால் மட்டும்,
கடல் பார்த்த பக்கம்.
ஒன்பது பேர் அதற்குள் ஒடுங்கி
வெறும் பலகையில் முதுகு சாய்த்திருந்தார்கள்.

இரண்டு மணிக்குமேல் டினேஸ் விசில் அடித்தான்.
சோழகம் அதைப் பிடுங்கி
பனங்கூடலுக்குள் எறிந்தது.
நான் வாயைப் பார்த்துத்தான் அறிந்தேன்.
மிதவையோடு ஓடினான்.
சும்மா கிடந்த துண்டுக்குள் ஒரு தலை,
பிறகு தலை இல்லை,
பிறகு தலை.

ரமணீதரன், வயது முப்பத்தொன்று, வங்கி ஊழியர்.
கரையில் குப்புறக் கிடந்து
உப்பும் ஐஸ்கிறீமும் கக்கினார்.
"அதில அமைதியா இருந்தது" என்றார்.
மகளின் மிதவை வாத்து
மண்டைதீவுப் பக்கமாய்ப் போய்க்கொண்டிருந்தது.
மகள் கரையில் நின்று
வாத்துக்காக மட்டும் அழுதாள்.

திங்கட்கிழமை விடிய,
றெஜிஸிடம் கடனாய் வாங்கிய அரைப் பேணி நீலப் பூச்சு.
பலகையின் பின்பக்கம்,
சாய்ந்திருப்பவர் தோள் உயரத்துக்கு,
நானே எழுதினேன்.
"றங்" என்ற இடத்தில் கை நடுங்கியது.
புள்ளிகள் ஒழுகி மழைபோல் இறங்கின.
அனுமதி பெறவில்லை, கோப்பு எண்ணும் இல்லை.

காயுமுன் யாரோ ஒரு பொடியன் வந்து சாய்ந்துவிட்டான்.
வெள்ளை ரீ-சேர்ட்டில் பாதி வரி
தலைமாறி ஒட்டியது.
அது தெரியாமல் அவன் கரை நெடுக நடந்தான்.
பின்னால் வந்த இரண்டு பெண்கள்
கழுத்தைச் சரித்துச் சரித்து
அவன் முதுகை வாசித்தபடி
தண்ணீரைத் திரும்பிப் பார்த்தார்கள்.